கிரேக்கக் கோயிலின் பின்னறை: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி, வாயில் மண்டபத்தைத் தாண்டியதும் பார்த்தினன் கோயில் கண்ணில் படும். எல்லோரும் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உலகம் முழுவதும் அஞ்சலட்டைகளில் சுற்றும் அந்தப் படத்தில் இருப்பது கோயிலின் முதுகு. முன்வாசல் கிழக்கே, மறுகோடியில் இருக்கிறது. நாம் பார்ப்பது மேற்குப் பக்கம்.

அந்த முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று புத்தகங்களைப் புரட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்று "கருவூலம்" என்கிறது. இன்னொன்று "யாரும் நுழையக் கூடாத புனித அறை" என்கிறது. மூன்றாவது, "சும்மா அழகுக்கு வைத்த தாழ்வாரம், அதற்குள் ஒன்றும் கிடையாது" என்று முடித்துவிடுகிறது. மூன்றும் பொய்யில்லை. வெவ்வேறு கோயில்களைப் பற்றிய செய்திகளை ஒரே பெயரில் கட்டி வைத்ததால் வந்த சிக்கல் இது. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: அந்த அறைக்குக் கதவு எந்தப் பக்கம்?

## முதலில் கோயிலின் பாகங்கள்

நம் ஊர்க் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு கிரேக்கக் கோயிலைப் பார்த்தால் வழி தவறும். இங்கே கோபுரம், பிராகாரம், மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து கருவறையை நெருங்குகிறோம். ஆழம் கூடக் கூடப் புனிதம் கூடும். அங்கே வழிபாட்டின் மையச் சடங்கான பலி, கோயிலுக்கு வெளியே, பெரும்பாலும் கிழக்கே, திறந்தவெளிப் பலிபீடத்தில் நடந்தது. கூட்டமும் அங்கேதான் கூடியது. கட்டடம் என்பது தெய்வத்தின் வீடு. சிலை அங்கே இருக்கும், தெய்வத்தின் சொத்தும் அங்கே இருக்கும். இந்தச் "சொத்து" என்ற விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னறையின் கதை பாதிக்கு மேல் அதைச் சுற்றித்தான்.

வழக்கமான ஒரு கோயிலின் தரைப்படத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகப் படித்தால் கிடைப்பவை இவை:

1. சுற்றுத்தூண் வரிசை. கட்டடத்தை நான்கு பக்கமும் சுற்றி வரும். எளிய கோயில்களில் இது இருக்காது.

2. முன் தாழ்வாரம். கிரேக்கத்தில் புரோநாவோஸ். பக்கச் சுவர்கள் இரண்டும் முன்னால் நீண்டு வர, அவற்றுக்கு நடுவே வழக்கமாக இரண்டு தூண்கள் நிற்கும்.

3. சிலை இருக்கும் பெரிய அறை, நாவோஸ். பெரிய கதவு ஒன்று, அதுவும் கிழக்குப் பார்த்து.

4. பின்பகுதி. இங்கேதான் கட்டியவர்கள் ஆளுக்கு ஒரு வழியில் போனார்கள்.

## பின்னால் இரண்டு வகை

முதல் வகை, ஒபிஸ்தொடோமோஸ். முன் தாழ்வாரத்தை அப்படியே திருப்பி வைத்த மாதிரி, பின்பக்கம் வெளியே பார்த்துத் திறந்திருக்கும் தாழ்வாரம். சிலை அறைக்கும் இதற்கும் நடுவே முழுச் சுவர். கதவு கிடையாது. சிலையைப் பார்த்துவிட்டு அப்படியே பின்வழியாக இங்கே வந்துவிட முடியாது. கோயிலை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

இரண்டாம் வகை, அடிட்டோன். இது உள்ளே பார்த்த அறை. சிலை அறையின் கடைசிச் சுவரில் ஒரு கதவு, அதற்கு அப்பால் சிறிய மூடிய அறை. வெளியிலிருந்து வழியே இல்லை. பூசகர், குறி சொல்பவர் போன்ற சிலரைத் தவிர யாரும் நுழையக் கூடாது என்ற தடை இதற்குத்தான் பொருந்தும்.

ஆக, வெளியே பார்த்த கதவு என்றால் நடைமுறைப் பயன்பாடு: பொருள் வைப்பது, காவல் காப்பது, சில சமயம் மேடையாகப் பயன்படுத்துவது. உள்ளே பார்த்த கதவு என்றால் சடங்கு, ரகசியம், குறி. இந்த விதிக்கு மீறல்கள் உண்டு, அவற்றுக்கு வருவோம். ஆனால் தொடங்க இது போதும்.

எந்த வகை எங்கே அதிகம் என்பதும் ஓரளவு தெளிவு. கிரேக்கத் தாயக நிலப்பகுதியில் ஒபிஸ்தொடோமோஸ்தான் வழக்கம். கடல் தாண்டிக் குடியேறிய கிரேக்கர்கள் சிசிலியிலும் தென் இத்தாலியிலும் கட்டிய பழைய கோயில்களில் அடிட்டோன் அடிக்கடி வரும். சிசிலியின் செலினுண்டேயில் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கோயில் ஒன்றை ஆய்வாளர்கள் 'சி' என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். அதில் அடிட்டோன் உண்டு, பின் தாழ்வாரம் இல்லை. அதே ஊரில் நூறு ஆண்டு கழித்து ஹீரா என்ற பெண் தெய்வத்துக்கு எழுந்த 'இ' கோயிலில் இரண்டுமே உண்டு: சிலை அறை, அதன் பின் அடிட்டோன், முதுகுக்கு ஒபிஸ்தொடோமோஸ். பழைய சடங்கையும் விடவில்லை, தாயகத்துப் பாணியையும் விடவில்லை. கொஞ்ச காலத்தில் அதே தீவின் அக்ரிஜெண்டோவில் எழுந்த, இன்று கான்கார்டியா கோயில் என்று அழைக்கப்படுகிற கட்டடத்தில் அடிட்டோன் காணாமல் போய்ப் பின் தாழ்வாரம் மட்டும் நிற்கிறது.

## உபயோகமில்லாத தாழ்வாரத்தை ஏன் கட்டினார்கள்?

கதவில்லாத ஒரு தாழ்வாரத்துக்கு இவ்வளவு கல்லும் செலவும் எதற்கு என்று கேட்பது நியாயம். முதல் பதில், கண்ணுக்காக. நான்கு பக்கமும் தூண் சுற்றிய கட்டடத்தை மக்கள் சுற்றி நடந்து பார்ப்பார்கள். முன்பக்கம் ஆழமான நிழலும் தூணும் இருக்க, பின்பக்கம் வெறும் சுவர் தெரிந்தால் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். ரோமானியர்கள் இந்தக் கவலையே படவில்லை. அவர்களுடைய கோயில்கள் உயர்ந்த மேடையில், முன்னால் படி வைத்து, ஒரே திசையைப் பார்த்து நிற்கும். பின்னால் பெரும்பாலும் மொட்டைச் சுவர்தான்.

அழகு மட்டும்தான் காரணம் என்றும் நிறுத்திக்கொள்ள முடியாது. ஒலிம்பியாவைப் பாருங்கள். அங்கே லிபோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய சீயஸ் கோயில் கி.மு. 457 வாக்கில் முடிந்தது. ஹெராக்கிளிஸின் பன்னிரண்டு சாகசங்களைச் சிற்பப் பலகைகளாகச் செதுக்கி, ஆறை முன் தாழ்வாரத்தின் மேலும் ஆறைப் பின் தாழ்வாரத்தின் மேலும் பதித்தார்கள். கதை முழுவதும் தெரிய வேண்டுமென்றால் பின்பக்கமும் வந்தே ஆக வேண்டும். போட்டியில் வென்றவர்களுக்கு மாலை கட்டக் கிளை வெட்டிய காட்டு ஒலிவ மரமும் இந்தப் பின் தாழ்வாரத்தின் அருகில்தான் நின்றதாகப் பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார். ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றை ஒலிம்பியாவின் ஒபிஸ்தொடோமோஸில் நின்று கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார் என்று லூசியன் ஒரு கதை சொல்கிறார். லூசியன் அறுநூறு ஆண்டு பிந்தியவர், கதை கட்டுவதில் கெட்டிக்காரர், அதனால் நிகழ்ச்சியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் படிக்கிறவர்களுக்கு அந்த இடம் இயல்பாகப் பட்டிருக்க வேண்டும். படி ஏறி நின்றால் நிழல், எதிரே கூட்டம் நிற்க வெளி. ஒரு பேச்சாளருக்கு வேறென்ன வேண்டும்?

அதே வளாகத்தில் கி.மு. 600 வாக்கில் எழுந்த ஹீரா கோயிலின் பின் தாழ்வாரம் இன்னொரு செய்தி தருகிறது. கோயிலின் தூண்கள் முதலில் மரம். பழுதாகப் பழுதாக ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாற்றினார்கள். பௌசானியஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் போனபோது ஒபிஸ்தொடோமோஸின் இரண்டு தூண்களில் ஒன்று இன்னும் ஓக் மரமாகவே இருந்தது. அவர் அதைக் கவனித்து எழுதி வைத்ததால்தான் மரத்திலிருந்து கல்லுக்கு வந்த கதைக்குக் கண்ணால் கண்ட சாட்சி நமக்குக் கிடைத்தது.

அப்புறம், கம்பித் தடுப்பு. தாழ்வாரத்தின் தூண்களுக்கு இடையே உலோகத்தாலோ மரத்தாலோ தட்டி வைத்து அடைத்தால் போதும், அந்த இடம் பூட்டிய அறையாகிவிடும். காற்றும் வெளிச்சமும் வரும், வெளியிலிருந்து பார்க்கலாம், எடுக்க முடியாது. காணிக்கைப் பொருளைக் காட்டவும் காக்கவும் இதைவிடத் தோதான இடம் இல்லை. பல கோயில்களில் தூண்களிலும் தரையிலும் இந்தத் தட்டிகளைப் பொருத்திய வெட்டுகள் இன்றும் தெரிகின்றன.

விதிக்கு மீறல் என்றேனே, அதில் ஒன்று ஏஜினா தீவின் அஃபாயா கோயில். கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டியது. இங்கே சிலை அறைக்கும் ஒபிஸ்தொடோமோஸுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. அது சுவரின் நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. முதல் திட்டத்தில் இல்லாமல் பிறகு வைத்த கதவு என்பதை அந்தக் கோணலே காட்டிக்கொடுக்கிறது. தாழ்வாரத்தில் ஒரு கல் மேசையும் இருந்தது. அதாவது வெறும் தாழ்வாரமாக இருந்ததை, தேவை வந்தபோது அடைத்து, உள்ளிருந்து வழி விட்டு, வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

## பார்த்தினன்: தாழ்வாரமும் அறையும்

இப்போது குழப்பத்தின் தலைநகரத்துக்கு வரலாம். இக்டினோஸ், காலிக்ராடிஸ் ஆகிய இருவரின் பெயரோடு இணைந்த பார்த்தினன் கி.மு. 447இல் தொடங்கி 438இல் சிலை நிறுவப்படும் அளவுக்கு முடிந்தது. சிற்ப வேலை 432 வரை ஓடியது. இதன் பின்பகுதி, மேலே சொன்ன இரண்டு வகையிலும் சேராது.

மேற்கிலிருந்து போனால் முதலில் ஆறு தூண் வைத்த ஆழம் குறைந்த தாழ்வாரம். அதைத் தாண்டினால் பெரிய கதவு. கதவுக்குள் ஏறக்குறைய 19 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலத்தில் ஒரு மூடிய அறை, கூரையைத் தாங்க நடுவில் நான்கு தூண்கள். அந்த அறைக்கும் கிழக்கே ஊரின் காவல் தெய்வமான அத்தீனாவுக்குச் சிற்பி ஃபீடியாஸ் செய்த தங்க, தந்தச் சிலை நின்ற பெரிய அறைக்கும் நடுவே கதவில்லாத முழுச் சுவர். ஒரு கூரைக்கு அடியில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு இரண்டு தனி அறைகள்.

கதவு விதியைப் போட்டுப் பாருங்கள். கதவு வெளியே பார்க்கிறது, எனவே சடங்கு அறை இல்லை. ஒரே ஒரு வழி, அதற்கு முன்னால் தட்டி வைத்த தாழ்வாரம், அதாவது இரட்டைப் பூட்டு. சிலையைப் பார்க்க வருகிறவர்கள் தற்செயலாகக்கூட உள்ளே வர வாய்ப்பில்லை. பொருள் வைக்கத் திட்டமிட்டே கட்டிய அறை என்று நினைக்காமல் இருப்பது கடினம்.

உள்ளே என்ன இருந்தது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. கி.மு. 434இலிருந்து அத்தீனாவின் கருவூலர்கள் ஆண்டுதோறும் பொருள்களை எண்ணி, எடை போட்டு, அடுத்த குழுவிடம் ஒப்படைத்து, அந்தப் பட்டியலைச் சலவைக்கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். பட்டியல்கள் மூன்று இடங்களைத் தனித்தனியாகக் குறிக்கின்றன: முன் தாழ்வாரம், "நூறடி அறை" என்று பொருள்படும் ஹெகடோம்பெடோன், மற்றும் பார்த்தினன். ஆம், அந்தக் காலத்தில் பார்த்தினன் என்பது ஓர் அறையின் பெயர் மட்டுமே. முழுக் கட்டடத்துக்கும் அது ஒட்டிக்கொண்டது அடுத்த நூற்றாண்டில். நீண்ட காலமாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த அறை மேற்கு அறைதான் என்று கொள்கிறார்கள். 2020இல் வந்த ஓர் ஆய்வு, அது பார்த்தினன் கட்டடத்திலேயே இல்லை, வடக்கே எரெக்தியான் என்று நாம் அழைக்கும் கட்டடத்தின் மேற்குப் பகுதி என்று வாதாடுகிறது. வாதம் சுவாரசியமானது, எனக்கு இன்னும் பழைய கருத்தே வலுவாகப் படுகிறது.

பட்டியலில் உள்ள பொருள்கள் ஒரு நகைப் பெட்டியை நினைவூட்டாது. வெள்ளிக் கிண்ணங்கள், பொன் பூசிய பாரசீகக் குத்துவாள்கள், கேடயங்கள், தலைக்கவசங்கள், யாழ்கள், கியோஸ் தீவிலும் மிலேட்டஸ் நகரிலும் செய்த கட்டில்கள், வெள்ளிக் கால் வைத்த இருக்கைகள். அந்த இருக்கைகளில் ஒன்று, பாரசீக மன்னன் செர்க்சஸ் சாலமிஸ் கடற்போரைக் கரையிலிருந்து பார்த்தபோது உட்கார்ந்தது என்று பிற்கால அகராதிக்காரர் ஒருவர் சொல்கிறார். காணிக்கை, போரில் பிடித்த கொள்ளை, விழாவுக்கு எடுக்கும் தட்டுமுட்டு எல்லாம் ஒரே இடத்தில்.

## பணம் எங்கே?

இந்தப் பட்டியல்களில் ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை: நாணயம். ஆனால் குன்றின் மேல் பணம் மலையாகக் கிடந்தது. டெலோஸ் தீவில் இருந்த, ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணியின் நிதி கி.மு. 454இல் ஏதென்ஸுக்கு வந்திருந்தது. கி.மு. 431இல், ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கும்போது, ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் மக்களுக்குக் கணக்குச் சொன்னதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார்: அக்ரோபோலிஸில் 6,000 டாலண்டு வெள்ளி நாணயம் இருக்கிறது, உச்சத்தில் 9,700 இருந்தது. கடைசிக் கட்டத்தில் சிலையின் மேலுள்ள 40 டாலண்டு தங்கத்தையும் கழற்றிப் பயன்படுத்தலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும்.

இந்த அளவு ஓர் அறைக்குள் அடங்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. ஏதென்ஸ் டாலண்டு ஒன்று சுமார் 26 கிலோ. எனவே 6,000 டாலண்டு என்பது சுமார் 156 டன் வெள்ளி.

2. ஒரு டாலண்டுக்கு 6,000 திராக்மா. ஆந்தை முத்திரை போட்ட நான்கு திராக்மா நாணயங்களாகவே வைத்திருந்தார்கள் என்று கொண்டால், 90 லட்சம் நாணயங்கள்.

3. வெள்ளி கனமானது. உருக்கி வார்த்தால் 156 டன்னும் 15 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். நாணயமாகக் கொட்டினால் இடைவெளி சேர்த்து 25 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

4. பார்த்தினனின் மேற்கு அறைத் தரை சுமார் 250 சதுர மீட்டர். தரை முழுவதும் பரப்பினால் 10 சென்டிமீட்டர் உயரம்தான் வரும். பெட்டிகளில் அடுக்கினால் ஒரு மூலை போதும்.

இடப் பிரச்சினை இல்லை. பணம் அங்கேதான் இருந்ததா என்பதே பிரச்சினை.

## "ஒபிஸ்தொடோமோஸ்" எந்தக் கட்டடம்?

காலியாஸ் தீர்மானங்கள் என்று அழைக்கப்படும் கல்வெட்டை வழக்கமாகக் கி.மு. 434க்கு வைப்பார்கள். ஏதென்ஸ் நாட்டுப்புறக் கோயில்களில் சிதறிக் கிடந்த பணத்தை எல்லாம் குன்றுக்குக் கொண்டுவந்து, "பிற தெய்வங்களின் கருவூலர்கள்" என்ற புதுக் குழுவிடம் ஒப்படைக்கச் சொல்கிறது அது. எங்கே வைப்பது என்பதிலும் தெளிவு: ஒபிஸ்தொடோமோஸில். அத்தீனாவின் பணம் வலப்பக்கம், மற்ற தெய்வங்களின் பணம் இடப்பக்கம். புதுக் கருவூலர்கள் அத்தீனாவின் கருவூலர்களோடு சேர்ந்துதான் கதவைத் திறக்க வேண்டும், சேர்ந்துதான் மூட வேண்டும், சேர்ந்துதான் முத்திரை வைக்க வேண்டும். ஒருவர் தனியாக உள்ளே போக வழியில்லை.

சாவி விஷயத்திலும் இதே சந்தேக புத்தி. அரிஸ்டாட்டில் பெயரில் வரும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் சொல்வதன்படி, பணமும் ஆவணமும் இருந்த கோயில்களின் சாவிகள் ஆட்சிக் குழுவின் அன்றைய தலைவரிடம் இருக்கும். அவர் பதவி ஒரு பகலும் ஓர் இரவும் மட்டுமே. வாழ்நாளில் இரண்டாம் முறை கிடைக்காது. அத்தீனாவின் கருவூலர்கள் பத்துப் பேர், ஆண்டுக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், அதுவும் பணக்கார வகுப்பிலிருந்து மட்டும். காணாமல் போனால் அவர்கள் சொத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாமே.

சரி, தீர்மானம் சொல்லும் ஒபிஸ்தொடோமோஸ் எது? பார்த்தினனின் மேற்குப் பகுதி என்பது ஒரு பதில். இன்னொரு பதிலைத் தந்தவர் ஜெர்மானியத் தொல்லியலாளர் வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட். 1885ஐ ஒட்டி, எரெக்தியானுக்குத் தெற்கே ஒரு பழைய அத்தீனா கோயிலின் அடித்தளத்தை அவர் அடையாளம் கண்டார். கி.மு. 480இல் பாரசீகர் எரித்த கோயில். அதன் மேற்குப் பாதியில் வெளியே பார்த்த ஒரு முன்னறையும் அதன் உள்ளே இரண்டு சிறிய அறைகளும் இருந்தன. கோயில் போன பிறகும் இந்தப் பின்பாதியைச் சரிசெய்து கருவூலமாக வைத்துக்கொண்டார்கள், ஒபிஸ்தொடோமோஸ் என்பது அதன் தனிப்பெயர் என்றார் அவர்.

இரண்டு பக்கமும் எடை போட்டால்:

1. டோர்ப்ஃபெல்டுக்கு ஆதரவாக: பட்டியல்களில் பார்த்தினனும் ஒபிஸ்தொடோமோஸும் வேறு வேறு இடங்கள் போலவே வருகின்றன. "வலப்பக்கம், இடப்பக்கம்" என்ற பிரிவினைக்கு இரட்டை அறை கச்சிதமாகப் பொருந்துகிறது.

2. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஒபிஸ்தொடோமோஸ் தீப்பிடித்தது, கருவூலர்கள் சிறைக்குப் போனார்கள் என்று அந்தக் காலத்துப் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் ஒரு வழக்கு உரையில் சொல்கிறார். பார்த்தினன் கட்டடத்தில் அந்தக் காலத்துத் தீயின் தடம் இல்லை.

3. எதிராக: எரெக்தியானின் புகழ்பெற்ற பெண் சிலைத் தாழ்வாரம் அந்தப் பழைய கோயிலின் அடித்தளத்தின் மேலேயே ஏறி நிற்கிறது. அவ்வளவு அழகான வேலைக்கு முன்னால் கருகிய பாதிக் கட்டடம் ஒன்றை விட்டு வைத்திருப்பார்களா என்று பலரும் கேட்கிறார்கள்.

4. தாழ்வாரம், அறை என்ற இரண்டில் ஒபிஸ்தொடோமோஸ் என்ற பெயர் எதைக் குறிக்கும் என்பதே நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கலாம். பிற்கால எழுத்தாளர்கள் பார்த்தினனின் மேற்குப் பகுதியைத் தயக்கமின்றி அப்படி அழைக்கிறார்கள்.

முதல் இரண்டும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. அழகுணர்ச்சியை வைத்து வரும் மூன்றாவது வாதம் பலவீனமானது; பணப் பெட்டி இருக்கும் கட்டடத்தை யாரும் அழகுக்காக இடிக்க மாட்டார்கள். ஆனாலும் வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

தீ விபத்தைப் பற்றி ஒரு சுவையான பின்குறிப்பு. டெமோஸ்தனிஸின் உரைக்குப் பிற்காலத்தில் விளக்கம் எழுதிய ஒருவர் காரணத்தையும் தருகிறார்: கருவூலர்கள் தெய்வத்தின் பணத்தை வட்டிக்காரர்களிடம் கொடுத்து லாபம் பார்க்க நினைத்தார்கள், வட்டிக்காரர்கள் நொடித்துப் போனார்கள், கணக்குக் காட்ட முடியாமல் இவர்களே தீ வைத்தார்கள். உண்மையோ வதந்தியோ, பழக்கமான கதைதான். ஒபிஸ்தொடோமோஸ் என்றாலே பணம் என்பது ஊரறிந்த விஷயம் என்பதற்கு அரிஸ்டோஃபனிஸும் சாட்சி. கி.மு. 388இல் அரங்கேறிய அவருடைய நகைச்சுவை நாடகத்தின் முடிவில், பார்வை திரும்பிய செல்வத் தெய்வத்தை ஊர்வலமாக அழைத்துப்போய்க் குடியேற்றுவது அத்தீனாவின் ஒபிஸ்தொடோமோஸில்தான். பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கி.மு. 304இல் இன்னும் வேடிக்கை. ஏதென்ஸை முற்றுகையிலிருந்து மீட்ட மாசிடோனியத் தளபதி டெமெட்ரியஸுக்கு நன்றிக்கடனாக, பார்த்தினனின் ஒபிஸ்தொடோமோஸையே தங்கும் இடமாகக் கொடுத்தார்கள். கன்னித் தெய்வத்தின் வீட்டில் கணிகையரோடு குடித்தனம் நடத்தியதைப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் முகம் சுளித்து எழுதுகிறார். கட்டடக் கோணத்தில் பார்த்தால் அது நடக்கக்கூடிய ஏற்பாடுதான். அறைக்குத் தனி வாசல் இருந்தது. சிலை இருந்த பக்கம் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும்.

## உள்ளே பார்த்த அறைகள்

அடிட்டோன் பக்கம் சான்று குறைவு, கற்பனை அதிகம். டெல்ஃபியில் குறி சொன்ன பித்தியா என்ற பெண் அமர்ந்தது அப்பல்லோ கோயிலின் அடிட்டோனில். அந்தக் கோயிலில் பல ஆண்டுகள் பூசகராக இருந்த புளூட்டார்க், குறி கேட்க வந்தவர்கள் உட்காரும் அறையில் எப்போதாவது, எதிர்பாராத நேரத்தில், அடிட்டோனிலிருந்து நறுமணம் வரும் என்கிறார். கோயிலின் உட்பகுதி மிகவும் சிதைந்துவிட்டதால் அந்த அறையின் வடிவத்தை யாராலும் உறுதியாக வரைய முடியவில்லை.

மாறாக, இன்றைய துருக்கியின் டிடிமாவில் அடிட்டோன் அப்படியே நிற்கிறது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத வடிவில். ஏறக்குறைய 109 மீட்டர் நீளமும் 51 மீட்டர் அகலமும் உள்ள பிரம்மாண்டமான அப்பல்லோ கோயில் அது. முன்னால் தூண் காடு. அதைக் கடந்தால் பெரிய வாசல், ஆனால் அதன் நிலைப்படி ஏற முடியாத உயரம். உள்ளே போக இரு பக்கமும் இரண்டு இருண்ட சரிவுச் சுரங்கங்கள். அவற்றில் இறங்கி வெளியே வந்தால் வானம் திறந்த முற்றம்! சுற்றிலும் ஓங்கிய சுவர், நடுவில் சிறு கோயில் ஒன்று, ஒரு நீரூற்று. அடிட்டோன் என்றால் இருட்டான சிறு அறை என்ற எண்ணத்தை இந்த ஒரு கட்டடம் கவிழ்த்துவிடுகிறது. 1979இல் அந்த முற்றத்தின் சுவர்களில் மெல்லிய கீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தூண் எப்படிச் செதுக்க வேண்டும் என்று கட்டியவர்கள் கீறிக்கொண்ட வேலை வரைபடங்கள் அவை. சுவரைக் கடைசியாக மெருகேற்றியிருந்தால் அழிந்திருக்கும். கோயில் முடிவடையாமல் போனது நமக்கு லாபம்.

தாயகத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பெலபொன்னீசஸ் மலைகளில் பாஸ்ஸே என்ற இடத்தில் உள்ள அப்பல்லோ கோயில், இக்டினோஸ் கட்டியதாகப் பௌசானியஸ் சொல்வது. அது வடக்குத் தெற்காக நிற்கிறது. சிலை அறையின் கடைசியில் ஒரு தனித் தூண், நமக்குத் தெரிந்த மிகப் பழைய கொரிந்தியத் (இலைகள் செதுக்கிய பாணி) தூண்தலைப்பு அதன் மேல்தான் இருந்தது. அதற்கு அப்பால் அடிட்டோன் போன்ற இடம். அந்த இடத்துக்குக் கிழக்குப் பக்கச் சுவரில் தனியாக ஒரு கதவு! அதற்கும் பின்னால் வழக்கமான ஒபிஸ்தொடோமோஸ். அந்தப் பக்கக் கதவு, காலைக் கதிர் சிலைமேல் விழ வைத்த வழி என்று சிலர் சொல்கிறார்கள். ஆக, அந்த இடம் உள்ளேயும் பார்க்கிறது, வெளியேயும் பார்க்கிறது. கதவு விதி இங்கே கையை விரித்துவிடுகிறது.

## கதவை மாற்றினால் கட்டடமே மாறும்

கிறிஸ்தவம் வந்த பிறகு இந்தக் கோயில்கள் பல தேவாலயங்களாயின. தேவாலயத்தின் பலிபீடம் கிழக்கில் இருக்க வேண்டும், மக்கள் மேற்கிலிருந்து நுழைய வேண்டும். கோயிலில் நுழைவு கிழக்கில். என்ன செய்தார்கள் என்றால், கட்டடத்தை விட்டுவிட்டுக் கதவுகளை மாற்றினார்கள்.

அக்ரிஜெண்டோவின் கான்கார்டியா கோயிலில் கி.பி. 597இல் ஆயர் கிரிகோரியின் காலத்தில் சிலை அறைக்கும் ஒபிஸ்தொடோமோஸுக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்தார்கள். பக்கச் சுவர்களில் பன்னிரண்டு வளைவுகளை வெட்டினார்கள். தூண்களுக்கு இடையே சுவர் வைத்து அடைத்தார்கள். தேவாலயமாகப் பயன்பாட்டில் இருந்ததால்தான் அந்தக் கோயில் இடிந்து விழாமல் இன்றும் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது.

பார்த்தினனிலும் அதே கதை. கிழக்கு வாசலை அடைத்து அரைவட்டச் சுவர் கட்டினார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு மூடிக் கிடந்த குறுக்குச் சுவரில் கதவுகள் திறந்தார்கள். பழைய கருவூல அறை தேவாலயத்தின் முகப்பு அறையானது, ஒபிஸ்தொடோமோஸ் தலைவாசலானது. பதினைந்தாம் நூற்றாண்டில் உஸ்மானியர்கள் அதை மசூதியாக்கியபோதும் இதே மேற்கு வாசலைத்தான் பயன்படுத்தினார்கள். 1687 செப்டம்பர் 26 அன்று வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்தபோது நடுப்பகுதிச் சுவர்கள் பறந்தன, கூரை போயிற்று. மேற்குத் தாழ்வாரம் பெருமளவு தப்பியது. பிரிட்டிஷ் தூதர் எல்கின் பிரபுவின் ஆட்கள் பின்னர் சிற்பப் பட்டையைக் கழற்றியபோதும் மேற்குப் பகுதியில் இரண்டு பலகைகளை மட்டுமே எடுத்தார்கள். மற்றவை 1993 வரை அந்தத் தூண்களுக்கு மேலேயே இருந்தன, பிறகு காற்று மாசுக்குப் பயந்து அருங்காட்சியகத்துக்கு இறக்கப்பட்டன.

அங்கே போகிறவர்கள் மேற்குப் பக்கம் நிற்கும்போது தாழ்வாரத்தின் தென்மேற்கு மூலையைக் கவனிக்கலாம். கிரேக்க வேலைக்குப் பொருந்தாத ஒரு படிக்கட்டுக் கோபுரத்தின் அடிப்பகுதி அங்கே இன்னும் இருக்கிறது. தேவாலயக் காலத்தில் மணிக்கூண்டாகவும் மசூதிக் காலத்தில் மினாராகவும் உயர்ந்து நின்றது அதுதான்.